சொன்னதில் பாதி

முதல் சொட்டு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் நர்ஸ் பெண். இன்னும் எழுத்து தெரிகிறது, தெரிகிறவரைக்கும் படிப்போம், கால்மணிக்கு ஒன்று என்று மூன்று சொட்டு விட வேண்டுமாம், மூன்றாவதற்குப் பிறகு கிட்டத்தில் இருப்பதெல்லாம் கஞ்சித் தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆகிவிடும், டாக்டரம்மா உள்ளே நரம்பைப் பார்க்கக் கண்பாப்பா விரிய வேண்டுமல்லவா, அதற்கு முன்னால் இதைப் படித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் அப்பா என்று இரண்டு தாளைப் பின் அடித்து மடியில் வைத்துவிட்டுப் போனாள். ஜெபராணி என்று நெஞ்சில் பெயர் குத்தியிருக்கிறது. எனக்கு மகள் இல்லை, அப்பா என்று கூப்பிட யாரைக் கேட்டாய் என்று ஒரு அதட்டு போடத்தான் வாய் வந்தது, போடவில்லை, காலை எட்டு மணிக்கே என்னத்துக்கு. தாளைப் படித்தாயிற்று. மூன்று முறை படித்தாயிற்று. வலது கண்ணில் ஆபரேஷன் செய்ய எனக்குச் சம்மதம், செய்தால் இருக்கிற பார்வை நிற்கலாம், சிலருக்கு நிற்காமல் மொத்தமாகவே போய்விடுவதும் உண்டு, எல்லாம் எனக்கு விளக்கப்பட்டது, நான் புரிந்துகொண்டேன். இடது கண் ஏற்கெனவே போய்விட்டது, போனது என்றால் கருப்பாக இல்லை, அங்கே ஒன்றுமே இல்லை, முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறதோ அது தெரிகிறது. வலது கண்ணில் நடுவே ஒரு சன்னல் மிச்சம். ஆபரேஷன் வேண்டாம் என்றால் அந்தச் சன்னல் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம், மெல்ல மெல்லச் சாத்திக்கொள்ளும். வேண்டும் என்றால் வியாழக்கிழமை, நிற்கும், அல்லது அன்றைக்கே சாத்திக்கொள்ளும். இன்றைக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கும், எந்த வியாபாரத்திலும் இருக்கும், அதைக் கறந்து எடுக்கத்தான் முப்பத்தைந்து வருஷமாகச் சங்ககிரியில் பழைய லாரி வாங்கி விற்றுக்கொண்டிருக்கிறேன், தாளுக்கு மேலே புத்தகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புத்தகம் உப்பு வாசல். ஏழு பாகக் கதையில் முதல் பாகம், ஏழும் வீட்டில் இருக்கிறது, இது மட்டும் அட்டையில்லாதது, ஓரமெல்லாம் கிரீஸ் விரல், பதினாறு வயது விரல். மெட்ராஸிலிருந்து பழைய பேப்பர் லோடு ஏற்றிக்கொண்டு காகித ஆலைக்குப் போகிற வண்டியில் நான் கிளீனர், உளுந்தூர்ப்பேட்டை தாண்டி மழை, தார்ப்பாய்க்கு அடியில் மூட்டைக்கு மூட்டை நடுவே படுத்துக் கிடந்தபோது முதுகில் ஒன்று குத்தியது, உருவிப் பார்த்தால் இது. கூழாக்கி வேறு காகிதமாக்கப் போகிற பொருளில் ஒன்றை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டேன், என் வாழ்க்கையில் பேரம் பேசாமல் கிடைத்த ஒரே சாமான். உப்புநாடு, அங்கே பேச்சுப் போன தங்கச்சி, அவள் குரலைத் திரும்ப வாங்கிவர ஏழு வாசல் தாண்டிப் போகிற ஆதன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்த பயலுக்கு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்க நாலு மாசம் ஆனது, பாதி வார்த்தை புரியாது, வண்டி ஆடும், எழுத்து ஆடும். அதற்கு அடுத்த பாகம் என்று ஒன்று இருப்பதே ஆறு வருஷம் கழித்துத்தான் தெரியும், அதுவரைக்கும் ஆதன் முதல் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருந்தான், சேலம் போனாலும் சோலாப்பூர் போனாலும் என் கூடவே போய்க்கொண்டிருந்தான். பத்து நாளைக்கு முன்னால் டாக்டரம்மா வியாழக்கிழமை என்ற சொல்லைச் சொன்ன அன்றைக்கு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து ஏழையும் பார்த்தேன். ஒரு உட்காரலுக்கு எட்டுப் பக்கம், அதற்குமேல் கண்ணில் மணல். ஏழையும் முடிக்க முடியாது. அப்படியென்றால் எது? கடைசி பாகத்தில் குரல் கிடைத்துவிடுகிறது, தங்கச்சி பேசிவிடுகிறாள், எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். நான் இதை எடுத்தேன். இதில்தான் அந்தப் பேரம் இருக்கிறது.

அந்தப் பேரத்தை நான் சொல்லிக் கேட்காதவன் சங்ககிரி வட்டாரத்தில் கிடையாது. முதல் வாசலில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், வாசல்காரி, உடம்பெல்லாம் உப்புப் பூத்து, உள்ளே போக விலை என்ன என்று ஆதன் கேட்கிறான், உன் ஆயுசில் பன்னிரண்டு வருஷம் என்கிறாள். ஆதன் சிரிக்கிறான். ஒரு வருஷம் தருகிறேன் என்கிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவன் எழுந்து போகிறான், திரும்பிப் பார்க்காமல் மணலில் நடக்கிறான், எட்டு, ஒன்பது, பத்து அடி, பின்னாலிருந்து கூப்பிடுகிறாள், கடைசியில் நாலு வருஷத்துக்குப் படிகிறது. இதைப் படித்த பிறகுதான் நான் மனுஷன் ஆனேன் என்று சொல்லுவேன், கடையில் டீ வந்தால் சொல்லுவேன், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவனை உட்கார வைத்துச் சொல்லுவேன். எவன் வாயிலிருந்து வருகிற விலையும் விலை இல்லை, சொன்னதில் பாதிதான் நிஜம், மிச்சம் உன்னை மிரட்ட. டயரை ஒரு உதை, சேசிஸில் ஒரு தட்டு, என்னப்பா இது காயலான் கடைக்குப் போகிற வண்டி என்று ஒரு சொல், எழுந்து நட, பத்தாவது அடியில் கூப்பிடுவான். கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட எழுந்து நடந்தவன் நான், துளசிமணியின் அப்பா வாசல்வரை வந்து கூப்பிட்டார், அவள் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம், நீங்க திரும்பி வராமயே போயிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்குமுங்க என்று ஒருநாள் சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், சிரித்துக்கொண்டுதானே சொன்னாள்.

நூற்றுப் பதினெட்டாம் பக்கம். இதோ வாசல்காரி. உப்புப் பூத்த கை, சரி. விலை என்ன, சரி. பன்னிரண்டு வருஷம், சரி. இனிச் சிரிப்பான். சிரிக்கவில்லை. ஆதன் கொஞ்சநேரம் கடலைப் பார்த்தான் என்று இருக்கிறது. பிறகு, வலிக்குமா என்று கேட்டான். வலிக்கும் என்றாள். எடுத்துக்கொள் என்றான். அவ்வளவுதான். அவள் கையை நீட்டினாள், அவன் காதோரம் மயிர் வெளுத்தது, வாசல் திறந்தது, அத்தியாயம் முடிந்தது. இல்லையே. இது இல்லையே. பக்கம் போயிருக்கும், பழைய புத்தகம், தையல் விட்டு நடுவே இரண்டு தாள் உதிர்ந்திருக்கும் என்று எண்ணைப் பார்த்தேன், நூற்றுப் பதினெட்டு, பத்தொன்பது, இருபது, ஒரு தாளும் போகவில்லை. எவனோ மாற்றி அச்சடித்துவிட்டான் என்று கோபம் வந்தது, மாற்றி அச்சடித்ததில் என் கிரீஸ் விரல் எப்படி வரும், நூற்றுப் பத்தொன்பதாம் பக்கத்து ஓரத்தில் பெருவிரல் அப்படியே இருக்கிறது, ரேகையோடு. அப்படியென்றால் இந்த விரலை இங்கே வைத்துக்கொண்டுதான் படித்திருக்கிறேன். படித்துவிட்டு என்ன செய்தேன்? பன்னிரண்டு வருஷத்தை அப்படியே தூக்கிக் கொடுக்கிறானே, பைத்தியக்காரன், என்று அந்த வயசுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. கிளீனருக்குத் தட்டில் விழுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, அடிக்கு அடி வாங்கிக்கொண்டு கிடந்தவன், அவனாவது சொன்ன விலைக்குக் கொடுக்காமல் இருக்கட்டும் என்று நானே அவனை எழுப்பி மணலில் நடக்க வைத்திருக்கிறேன். பத்து அடி. எட்டு ஒன்பது பத்து என்று எண்ணிச் சொல்லுவேனே, அந்த எண்ணிக்கைகூட நான் போட்டது. நாற்பத்திரண்டு வருஷம் ஒருத்தனும் நீ சொல்கிற மாதிரி அதில் இல்லையே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பல்லைத் தட்டியிருப்பேன்.

இரண்டாவது சொட்டு. அண்ணாந்து பாருங்கப்பா, சிமிட்டாதீங்க, கண்ண மூடிக்கிடுங்க என்கிறாள் ஜெபராணி. கையெழுத்து ஆச்சா என்கிறாள். படிச்சிட்டிருக்கேன்ல என்றேன், குரல் கொஞ்சம் ஏறிவிட்டது, எதிர் வரிசையில் இருந்த கிழவர் ஒட்டுப்போட்ட கண்ணோடு திரும்பிப் பார்த்தார். தாளுதானே கேட்டேன், கதைப் புத்தகம்லா படிக்கிறீங்க என்று சிரித்துவிட்டுப் போனாள். எரிகிறது. மூடின கண்ணுக்குள் சிவப்பாக ஓடுகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே டாக்டரம்மா, சின்னப் பெண், பேசும்போது பேனாவை மூடி மூடித் திறப்பாள், கண்ணுக்குள்ள அழுத்தம் அதிகமா இருக்குங்க, தினமும் ராத்திரி ஒரு சொட்டு, ஆயுசு பூரா, ஒருநாளும் விடக்கூடாது, மூணு மாசத்துக்கு ஒருமுறை காட்டணும், விட்டா போன பார்வை திரும்பி வராது என்றாள். அன்றைக்கு எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, பொடி எழுத்துத் தெரிந்தது, சுவரில் பல்லி தெரிந்தது. எனக்குக் கேட்டது விலை. தினமும் என்றால் ஒன்றுவிட்டு ஒருநாள். ஆயுசு பூரா என்றால் ஒன்றரை வருஷம். மூணு மாசம் என்றால் ஆறு மாசம். மனசுக்குள் அப்போதே முடித்துவிட்டேன், நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தேன், கதவுவரை நடந்தேன், அவள் கூப்பிடவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஒன்றரை வருஷம் ஒன்றுவிட்டு ஒருநாள் சொட்டு, பிறகு நினைத்தால் சொட்டு, பிறகு இல்லை. துளசிமணி ராத்திரி சமையல்கட்டிலிருந்தே கேட்பாள், மருந்து விட்டாச்சுங்களா. விட்டாச்சு. தினமும் கேட்பாள், தினமும் விட்டாச்சு.

போகிறபோது கண் ஒன்றும் சொல்லிக்கொண்டு போகவில்லை, அதுதான் மோசம், வலிக்கவில்லை, வலித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இடது பக்கத்தில் ஆட்கள் திடீரென்று முளைத்தார்கள். படியில் ஒரு படி குறைந்தது. போன வருஷம் ராசுவிடம் ஒரு வண்டி எடுத்தேன், இருபது வருஷம் பழகினவன், என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவான், வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தின பிறகு மெக்கானிக் காட்டித்தான் பார்த்தேன், இடது பக்கம் பூரா அடிவாங்கி ஒட்டவைத்துப் பெயின்ட் அடித்த வண்டி, கேபினிலிருந்து பின்சக்கரம்வரை அலை அலையாக. எனக்கே காட்டாமல் தள்ளிவிட்டாயாடா என்று ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் சட்டையைப் பிடித்தேன். மாப்ளே, நீ சுத்தி வந்து பாத்துட்டுத்தானே கையக் குடுத்தே, நான் என்னத்த மறைச்சேன் என்றான், கன்னத்தில் அறைந்தேன், மூக்குக் கண்ணாடி தெறித்து விழுந்தது, குனிந்து அதை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனான். நான் சுற்றி வந்தேன், நிஜம். இடது பக்கத்தைப் பார்த்தேன், அதுவும் நிஜம். பார்த்த இடத்தில் கண் இல்லை. இது போன மாசம்தான் எனக்குத் தெரிந்தது, இங்கே பார்வை அளக்கிற பெட்டிக்குள் முகத்தை வைத்து, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும், தெரிகிறபோதெல்லாம் பட்டனை அமுக்குங்கள் என்றார்களே, அன்றைக்கு. வெளிச்சம் வரவில்லை, ரொம்ப நேரம் வரவில்லை, பக்கத்தில் ஆள் நிற்கிறானே என்று அமுக்கினேன். வந்திருக்கும் என்று அமுக்கினேன். இந்நேரம் ஒன்று வரவேண்டுமே என்று கணக்குப் பண்ணி அமுக்கினேன். மெஷின் பிடித்துவிட்டது. வெளிச்சம் இல்லாதப்பவும் அமுக்கியிருக்கீங்க சார், மறுபடி எடுக்கணும் என்றான் அந்தப் பையன். மறுபடி எடுத்ததில் வந்த படத்தை டாக்டரம்மா காட்டினாள், இடது கண்ணுக்கு ஒரு வட்டம், பூராவும் மை. ராசு வீட்டுக்கு இன்னும் போகவில்லை. போய் என்ன சொல்வது? அடித்தது கண் தெரியாமல் என்றா? போக வேண்டும். வியாழனுக்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் போனால் அவன் முகம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டால்? முன்னால் போனால் இரக்கப்பட்டு விடுவான்.

என்ன படிக்கிறீங்க, மொகம் இப்படிப் போயிருக்கு என்றாள் துளசிமணி. பக்கத்தில்தான் இருக்கிறாள், இடது பக்கத்தில், அதனால் குரல்தான் வருகிறது. கதையில் அது இல்லை என்றேன். எது? பேரம், ஆதன் பன்னெண்டை நாலா அடிச்சுப் பேசுவானே, உனக்குச் சொல்லியிருக்கேனே. நூறு தடவ சொல்லியிருக்கீங்க என்றாள். அது இல்லடி இதுல, சொன்ன வெலைக்குக் குடுத்துட்டான். எனக்குத் தெரியுமுங்க என்றாள். கழுத்தைத் திருப்பி அவளைச் சன்னலுக்குள் கொண்டுவந்தேன், முகம் பாதி வந்தது. என்ன தெரியும்? கண்ணாலம் ஆன வருஷமே அதப் படிச்சுப் பாத்தேன், நீங்க வண்டி பாக்கப் போயிருந்தீங்க, அதுல அப்படியில்லையேன்னு நெனச்சேன். நெனச்சவ கேக்கறதுக்கென்ன என்றேன். கேட்டா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும் என்றாள், சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு. அப்புறம் அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மருந்தும் எனக்குத் தெரியுமுங்க, பாட்டில் மூணு மாசமா அலமாரியில அதே அளவுல நின்னுச்சு, நான் வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாப்பேன். அப்ப ஏன் சொல்லல என்றேன். ராத்திரி ராத்திரி கேட்டனே, விட்டாச்சுங்களான்னு, அதுதானுங்க சொன்னது, அதுக்கு மேல சொல்ல எனக்கு வாய் எங்க இருந்துச்சு. கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. கடையில் விலை சொல்கிற மாதிரி சொன்னாள், அடித்துப் பேசவே இடமில்லாத விலை. நான் கத்தியிருக்க வேண்டும், என்னையா குற்றம் சொல்கிறாய் என்று எழுந்திருக்க வேண்டும், உட்கார்ந்தே இருந்தேன். முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள், தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள், என் குரல் அந்த வீடு பூரா அடைத்துக்கொண்டு கிடந்ததில் அவளுடையதை வைக்க ஒரு மாடம்கூட மிச்சம் வைக்கவில்லை, இப்போது பேசுகிறாளே என்றால் எனக்குப் பயந்து பேசாமல் இருந்தவள் இப்போது ஏன் பயப்படவில்லை, அவ்வளவு போய்விட்டேனா நான், அடிக்க ஆகாதவன் ஆகிவிட்டேனா, என்று அது வேறு ஒருபக்கம் குத்துகிறது.

மூன்றாவது சொட்டு. ஜெபராணி விரலால் இமையைப் பிடித்தாள், விரலில் டெட்டால் வாசம். அப்பா கையெழுத்துப் போடலையா இன்னும், இனி எழுத்து தெரியாதே, படிச்சுட்டுப் போடுங்கன்னு அப்பவே சொன்னேன்லா என்றாள். படிச்சாச்சு என்றேன். உப்பு வாசலின் எழுத்து ஒவ்வொன்றும் ஓரம் கரைந்து பக்கத்து எழுத்தோடு சேருகிறது, ஆதன் வாசலுக்குள் கால் வைத்துவிட்டான், அதற்கப்புறம் என்ன என்பது சுத்தமாக எனக்கு ஞாபகம் இல்லை, இத்தனை வருஷமும் பேரத்தோடு என் மனசு அங்கேயே நின்றுவிட்டது போலிருக்கிறது, அவன் உள்ளே போய் என்ன பார்த்தான், நரைத்த காதோரத்தோடு எங்கே நடந்தான், அடுத்த வரியைப் பிடிக்கப் பார்க்கிறேன், வரி கலங்கல் தண்ணீரில் மண்புழுவாக நெளிந்து போகிறது. துளசிமணி புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிச் சீட்டு ஒன்றைச் செருகி மூடினாள். மடியில் தாள் மட்டும் இருக்கிறது, வெள்ளையாக, அது தாள் என்று கனத்தில்தான் தெரிகிறது. படிக்காத பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. பதினெட்டு வயதில் வெற்றுத்தாளில் ஒருத்தன் கைநாட்டு வாங்கி என்னை மூன்று வருஷம் அவன் வண்டிக்கு அடிமையாக வைத்திருந்தான், அதற்கப்புறம் ஒரு துண்டுச் சீட்டையும் கடைசி வரிவரை படிக்காமல் விட்டதில்லை. இன்னொரு வாட்டி சத்தமாப் படிச்சுக் காட்டும்மா என்றேன் அந்தப் பெண்ணிடம். அவளுக்கு வேலை கிடக்கிறது, நாலு பேர் அண்ணாந்து காத்திருக்கிறார்கள், இருந்தும் குனிந்து நின்று படித்தாள், பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி, ஒரே மூச்சில். செய்தால் இருக்கிற பார்வை நிற்கலாம். சிலருக்கு மொத்தமாகவே போய்விடுவதும் உண்டு. போனது திரும்பாது. அங்கே நிறுத்தினாள். சிலருக்குன்னா எத்தன பேருக்கு என்று கேட்க நாக்கு எழுந்தது, எத்தனை சொன்னாலும் அதைப் பாதியாக்க உள்ளே ஒருத்தன் தயாராக உட்கார்ந்திருக்கிறான், நூறில் நாலு என்றால் இரண்டு என்பான், அந்த இரண்டில் நீ இல்லை என்பான், அவனை எனக்கு நன்றாகத் தெரியும், அவன்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தவன். கேட்கவில்லை. மூன்றாவதாக ஒன்று இல்லை. இரண்டுதான் இருக்கிறது, இரண்டும் முழுசாக இருக்கிறது, எங்கே தட்டிப் பார்த்தாலும் சத்தம் ஒரே மாதிரி வருகிறது.

பேனா என்றேன். துளசிமணி விரலுக்குள் வைத்தாள். எங்கே? இங்கீங்க. எங்கேடி? அவள் என் கையைப் பிடித்துத் தாளின் மேல் கொண்டுபோனாள், கை சில்லென்று இருந்தது, அவளும் பயந்துதான் இருக்கிறாள், எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அப்புறம் அதற்கும் வெட்கமாக இருந்தது. ஒரு இடத்தில் நிறுத்தி, இந்தக் கோட்டு மேல என்றாள். கோடு எங்கே இருக்கிறது. செங்காளியப்பன் என்று முழுசாகப் போட்டேன், லாரிக்குப் போடுகிற கிறுக்கல் இல்லை, எழுத்துக்கு எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் போட்ட உடனேயே கரைந்து போயிற்று, கை மட்டும் ஞாபகத்தில் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு, சரியா வந்திருக்கா பாரு என்றேன்.

கோட்ட விட்டு மேல ஏறிருச்சுங்க என்றாள். வேற தாள் வேணுமா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். வேண்டாம்பா, இதே போதும், ரெண்டாம் பக்கத்துலயும் ஒண்ணு போடணும் என்று தாளைப் புரட்டிக் கொடுத்தாள். துளசிமணி மறுபடி என் கையைப் பிடித்தாள். இந்த முறை நான் எங்கே என்று கேட்கவில்லை.